விமான நிலையத்துக் கன்றுகள்

சமவெளியில் கட்டிக்கொண்டிருந்த பெரிய பன்னாட்டு விமான நிலையத்துக்கு என் கையாலும் ஒரு வேலை நடந்திருக்கிறது. கேட்டால் சிரிப்பீர்கள். அப்போது எனக்கு எட்டு வயது.

குன்னூர் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா, முதுகுவலி தாங்காமல் பர்லியார் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் சேர்ந்திருந்தாள். அங்கே அட்டைக்கடி இல்லை, முதுகில் கூடை இல்லை. இந்த வேலை நிலைக்க வேண்டுமே என்று தினமும் சாமி படத்துக்கு முன்னால் நிற்பாள். பண்ணைக்கு வந்திருந்த பெரிய ஆர்டர் அந்த விமான நிலையத்துடையது. வாசல் சாலையின் இருபுறமும் நடுவதற்கு நெட்டிலிங்கக் கன்றுகள், எல்லாம் குச்சி மாதிரி நேராக வளர வேண்டும். விமான நிலையத்தை நான்கு கட்டமாகக் கட்டுகிறார்களாம். ஒரேயடியாகக் கட்டினால் என்னவாம் என்று கேட்டேன்.

"எஸ்டேட்டுல ஒரு காடு கவாத்து வெட்டி முடிஞ்சாத்தான கண்ணு அடுத்த காடு? அதாட்டத்தான்" என்றாள் அம்மா.

காலாண்டு விடுமுறையில் என்னையும் பண்ணைக்குக் கூட்டிப்போனாள். கை சும்மா இருக்குமா? தேயிலைக்காரி மகளுக்குச் செடியைக் கண்டால் ரெண்டு இலை, ஒரு கொழுந்து என்று கிள்ளத்தானே தெரியும்! அம்மா தண்ணீர் பிடித்து வருவதற்குள் மூன்று வரிசை நெட்டிலிங்கத்தின் நுனியையும் கிள்ளி, மடியில் நிரப்பிக்கொண்டு பெருமையாக நின்றேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அடிக்கவில்லை. அந்தக் கன்றுகளை நிழல்வலையின் கடைசிக்கு நகர்த்தி வைத்தாள்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, நானும் இருந்தபோது, விமான நிலையத்தின் தோட்ட அதிகாரி கன்றுகளைப் பார்க்க வந்தார். கடைசி வரிசைகள் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. நுனி போன கன்றுகள் கிளைவிட்டுப் புதராக நின்றன.

"யாரு கிள்ளுனது?" என்று பண்ணை மேஸ்திரி கத்தினார்.

நான் வாயெடுப்பதற்குள் அம்மா முன்னால் போனாள். "நாந்தானுங்க. கொழுந்து பறிச்ச கையிங்க, பழக்கத்துல கிள்ளிப்போட்டேன்."

நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார் மேஸ்திரி.

அதிகாரி குனிந்து ஒரு கன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் கட்டத்துக்கு இது ஆகாது என்றார். இரண்டாம் கட்டத்தில் கார் நிறுத்தும் இடத்தைச் சுற்றி இடுப்பளவுக்குச் செடிவேலி வரப்போகிறதாம். அதற்கு இப்படி அடர்ந்த கன்றுதான் வேண்டும், அதுவரை இந்த அம்மாவே கிள்ளிக் கிள்ளி வளர்க்கட்டும் என்றார். "நல்ல கைம்மா உனக்கு" என்று வேறு சொன்னார். மேஸ்திரியும் உடனே சிரித்தார். அம்மா அழுதுகொண்டே கும்பிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! கிள்ளியது நான், பாராட்டு அம்மாவுக்கா? பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தேன். அவள் ஆசையாக வாங்கித் தந்த மங்குஸ்தான் பழத்தைத் தொடவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவிடம் புகார் சொன்னேன்.

"அம்மா பண்ணைல பொய் சொல்லிருச்சு. கிள்ளுனது நானு!"

"ஆமாங்க, அத்தனையும் இவ வேலதான்" என்று அம்மா என் தலையைத் தடவிச் சிரித்தாள்.

என் பெருமை எனக்கே திரும்பி வந்த நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன். அம்மா முன்னால் போய் நின்றபோது அங்கே பாராட்டு எதுவும் காத்திருக்கவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.