ஆஸ்டினுக்கு அடியில்

இது நிஜமாக நடந்தது, கண்ணுங்களா. பொய் சொல்லி உங்களைப் பயமுறுத்தி எனக்கு என்ன ஆகப்போகிறது? பட்டவள் வாயாலேயே கேட்டேன். தனியாக இருந்தால், யாரையாவது பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

1952, நவம்பர். ஒரு வியாழக்கிழமை. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட்காரர்களை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்த நேரம். மலாயாவில், பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வடக்கே ஒரு ரப்பர்த் தோட்டம். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. சாயங்காலம் ஆறு அடித்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் வெளியே எது அசைந்தாலும் சுடுவார்கள். யார், எவர் என்ற கேள்வி கிடையாது.

அந்தத் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர் சிவானந்தம். பழைய ஆஸ்டின் கார் ஒன்று வைத்திருந்தார். அதற்கு என்ன வந்தாலும் பட்டறைப் பக்கமே போகமாட்டார். தானே கழற்றுவார், தானே மாட்டுவார். ஒவ்வொரு தடவையும் இரண்டு திருகு மிஞ்சும்.

"மிஞ்சினதைக் கோத்துக் கழுத்துல போட்டுக்குங்க" என்பாள் அவர் மனைவி நவமணி.

அந்த வாரம் பெட்ரோல் குழாய் ஒழுகியது. டாங்கியில் குழாய் சேரும் இடம். பட்டறைக்காரர் புதுக் குழாய் போடச் சொன்னார். இவர் கேட்பாரா? ஒரு துணிக்கிழிசலை ரப்பர் பாலில் நனைத்து, சேரும் இடத்தில் உள்ளும் புறமும் சுற்றி இறுக்கிவிட்டார். தோட்டத்தில் ஓட்டை வாளிக்கும் அதுதான் மருந்து, பிய்ந்த செருப்புக்கும் அதுதான். பெட்ரோல் பட்டால் ரப்பர் கரைந்து பிசினாகிவிடும் என்பது, பால் மரங்களுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவருக்குத் தோன்றவே இல்லை.

நவமணிக்கு அப்போது ஒன்பது மாதம். டவுனில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில் கார் இரண்டு முறை இருமியது. நின்றது.

மணி 5.12. கேட்டுக்கு இன்னும் ஒன்றரை மைல்.

"ஏங்க, நடந்திடலாமா?"

"இந்த வீங்கின காலை வெச்சுக்கிட்டா? கால் மைல்கூடத் தாண்டமாட்டே. கதவைச் சாத்திக்கிட்டு உட்காரு. கால் மணி நேர வேலைதான்."

"உங்க கால் மணி நேரம் எனக்குத் தெரியாதா..."

காரின் பின்பக்கத்தை ஜேக்கில் தூக்கி, ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். காரின் இடப்பக்கத்திலிருந்து மல்லாந்தபடி அடியில் நகர்ந்தார். கால்கள் மட்டும் வெளியே. மேலே அடுக்கடுக்காகப் பால் மரங்கள். காருக்கு அடியில் அதற்குள் இருட்டு.

5.20. நட்டைக் கழற்றினார். குழாயை வாயில் வைத்து ஊதினார். பிசின் பிய்த்துக்கொண்டு வந்தது. சரி, இனி மாட்ட வேண்டியதுதான்.

ஸ்பேனரைக் காணோம்.

தடவினார். கையில் ஒரு ஸ்பேனர் வந்து உட்கார்ந்தது. சரியான அளவு. ஈரமாக, சில்லென்று இருந்தது.

"நவம்? உன்னை இறங்காதேன்னு சொன்னேன்ல?"

பதில் இல்லை. கோபமாக இருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டார்.

நட்டை இறுக்கினார். கன்னத்தில் ஒரு சொட்டுப் பெட்ரோல் விழுந்தது. தொட்டுப் பார்த்தார். நட்டு தளர்ந்திருந்தது.

மறுபடியும் இறுக்கினார். மறுபடியும்... சொட்டு.

5.34.

மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி, நட்டின் மேலேயே விரலை வைத்திருந்தார். விரலுக்கு அடியிலேயே அது திரும்பியது. மெதுவாக. இடப்பக்கமாக.

அப்போதுதான் ஸ்பேனர் வந்த பக்கம் ஞாபகம் வந்தது. நவமணி உட்கார்ந்திருந்தது அவர் கால் பக்கம். ஸ்பேனர் வந்தது தலைப் பக்கத்திலிருந்து.

வெளியே நகரப் பார்த்தார்.

முடியவில்லை.

நெஞ்சின் மேல் பாரம். முட்டுக்கட்டை சரிந்து கார் இறங்கிவிட்டது என்று நினைத்தார். மூச்சு பாதிதான் உள்ளே போனது.

"நவம்! ஜேக்கைத் தூக்கு!"

கத்தியதாகத்தான் நினைத்தார். சத்தம் வரவில்லை.

5.41.

புளித்துப்போன ரப்பர் பால் நாற்றம். முகத்துக்கு நேராக.

ஹ்ஹ்... ஹ்ஹ்...

மூச்சுச் சத்தம். தன் மூச்சுதான் என்று நினைத்தார். அடக்கிப் பார்த்தார்.

ஹ்ஹ்... ஹ்ஹ்...

அது நிற்கவில்லை.

5.47.

ஆறு மணி. கேட்டு. உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைத்தாய்ச்சி. ரோந்து வரும். பார்க்கும். சுடும்.

கண்ணில் நீர் வழிந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"யாரா இருந்தாலும்... அவ வயித்துல புள்ள இருக்கு... விட்டுடுங்கய்யா..."

மூச்சுச் சத்தம் நின்றது.

பாரம் போனது.

நட்டை ஒரே திருகு. சொட்டு நின்றது. வெளியே புரண்டு எழுந்தார். ஜேக் வைத்த இடத்தில் இருந்தது. கட்டை ஒரு நூல்கூட நகரவில்லை. கார் இறங்கவே இல்லை.

நவமணி முன்சீட்டில் இருந்தாள். கதவு உள்ளே பூட்டியிருந்தது. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"எடுங்க வண்டியை" என்றாள். அவ்வளவுதான்.

5.58க்குக் கேட்டுக்குள் நுழைந்தார்கள். காவலுக்கு நின்ற சன்னாசி சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டிருந்தான்.

"என்னா கிராணியாரே, ரெண்டு நிமிஷம் போயிருந்தா வெளிய தான் லா படுக்கை!"

யாரும் சிரிக்கவில்லை.

நாலாம் நாள் நவமணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அன்றைய பேச்சை அவள் எடுக்கவே இல்லை. முப்பதாம் நாள் தீட்டு கழிந்த அன்று, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, அன்னிக்கு ஏன் வெளிய வரலை? நான் ஹாரனை அழுத்தினேனே. கை மரத்துப்போற வரைக்கும் அழுத்தினேனே."

சிவானந்தத்தின் காதில் அன்று ஒரு ஹாரனும் விழவில்லை.

"ஹாரன் எதுக்கு அடிச்சே?"

"ஜன்னல் வழியாத் தலையை நீட்டிப் பார்த்தேன். வண்டிக்கு அடியில இருந்து நாலு கால் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. உங்க கால் ரெண்டும் விரல் மேல பார்த்து. மத்தது ரெண்டும் உங்க கால் மேலயே... விரல் தரையைப் பார்த்து."



அன்று அவர் நெஞ்சுக்கும் காரின் இரும்புக்கும் நடுவே இருந்த இடம், நாலு விரற்கடை.