எல்மா வாங்கிய டிக்கெட்

எங்கள் ஊரில் ரயிலுக்கு டிக்கெட் வாங்குவது கேவலம். இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் எல்மா காங்கஸ் பட்ட பாடு யாருக்கும் புரியாது. ஸ்ப்ரூஸ் லேண்டிங்கில் வீட்டுக்கு ஒருவராவது காப்பர் ஷோர் ரயில் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். வேலை பார்ப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் கம்பெனி இலவச பாஸ் கொடுத்தது. வருடத்துக்கு ஒரு நிறம். அதைக் கண்டக்டரிடம் நீட்டும்போது எங்களுக்கெல்லாம் ஒரு மிதப்பு. டிக்கெட் வாங்குகிறவன் என்றால் தையல் மெஷின் விற்க வந்தவன், இல்லாவிட்டால் வேலையை விட்டுத் துரத்தப்பட்டவன்.

எல்மா பிறந்த வருடம்தான் தண்டவாளம் எங்கள் ஏரிக்கரைக்கு வந்தது. பின்லாந்திலிருந்து வந்த அவள் அப்பா அதற்கு மண் வெட்டியவர். செம்புச் சுரங்கங்கள் பெருகப் பெருக, கம்பெனியும் கொழுத்தது. நாங்கள் கல்யாணமாகி வந்த காலத்தில் ஒரு நாளைக்குப் பதினாலு ரயில் ஓடியது. இஞ்சின் ஷெட்டில் மட்டும் நானூறு ஆண்கள். அவர்கள் தங்கிய விடுதியில் எல்மா பதினேழு வயதில் சமைக்கப் போனாள். தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தவன் ரெய்னோ ஒருவன்தானாம். அதனால் அவனைக் கட்டிக்கொண்டாள். நான் கேட்ட கல்யாணக் காரணங்களில் உருப்படியான காரணம் அது ஒன்றுதான்.

சுரங்கம் மூடியதால் கம்பெனி நொடித்தது என்பார்கள். அது பாதி உண்மை. கம்பெனி சிகாகோவில் யாரோ மூன்று பேர் கைக்குப் போனது. அந்த மூஞ்சிகளை நாங்கள் பார்த்ததே இல்லை. நல்ல இஞ்சின்களை விற்றார்கள். தண்டவாளத்துக்கு அடியில் மக்கிப்போன கட்டைகளை மாற்றவில்லை. காலை ரயில் ஜங்ஷனுக்குப் போய்ச் சேர்வதற்கு இருபது நிமிடம் முன்பே தெற்கே போகும் ரயில் கிளம்பிவிடும்படி நேரத்தை மாற்றினார்கள். யாரும் ஏறக்கூடாது என்றே செய்த வேலை அது.

கடைசியில் மிஞ்சியது ஒரே பெட்டியோடு போய்வரும் ஒரு ரயில். எல்மாவுக்கு அது போதும். முப்பத்தொரு வருடம் பாய்லருக்குள் புகுந்து கரி சுரண்டிய ரெய்னோ, நெஞ்சு கெட்டு, நாற்பத்தெட்டு மைல் தள்ளி ஹார்ட்விக் சானடோரியத்தில் படுத்திருந்தான். பிள்ளைகள் இல்லை. கார் இல்லை. பஸ் இல்லை. பனிக்காலத்தில் ரோடே இல்லை. புதனும் ஞாயிறும், கறியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு அவள் ரயிலேறுவாள்.

1957 இலையுதிர் காலத்தில் அந்த ரயிலையும் நிறுத்த கம்பெனி அரசாங்கத்திடம் மனு போட்டது. டவுன் ஹாலில் விசாரணை. ஞாயிற்றுக்கிழமை நின்றுகொண்டு போகிறோம், எப்படி நிறுத்துவான் என்று நாங்கள் தெம்பாகப் போய் உட்கார்ந்தோம். கம்பெனி வக்கீல் எழுந்து, போன வருடம் ஒரு தடவைக்குச் சராசரியாக இரண்டு பயணிகள் என்று படித்தான். ஹாலே சிரித்தது. சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தான்.

"டிக்கெட் வாங்கினவங்களைத்தான் பயணின்னு சொல்றோம். பாஸ்ல வர்றவங்க அதுல வரமாட்டாங்க."

எல்மா எழுந்தாள். "அப்ப நான் யாரு? ரெண்டு வருஷமா உங்க சீட்டுலதான உக்காந்து போறேன். மூட்டையா நான்?"

"சட்டப்படி நீங்க கணக்குல இல்லம்மா" என்றான், மரியாதையாகவே.

அந்த ரயிலின் கண்டக்டர் என் புருஷன் வில்ஃப். ஒவ்வொரு தடவையும் டிக்கெட் கணக்கை ஒரு பத்தியிலும் பாஸ் கணக்கை இன்னொன்றிலும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த மகராசன். ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார். அன்றைக்கு அவரே சமைத்துத் தின்றார்.

விசாரணை அதிகாரி நல்ல மனுஷன். தொண்ணூறு நாள் அவகாசம் கொடுத்தார். ஒரு தடவைக்கு இருபது பேர் டிக்கெட் வாங்கினால் ரயில் ஓடும் என்றார். இருபதே பேர்! எல்மா வீடு வீடாகப் போனாள். வாரத்துக்கு ஒரு டிக்கெட், அவ்வளவுதான் கேட்டாள். யூனியன் ஆட்கள், பாஸ் நாம் சண்டை போட்டு வாங்கிய உரிமை, டிக்கெட் வாங்கினால் அதை நாமே விட்டுக்கொடுத்த மாதிரி என்று நெஞ்சை நிமிர்த்தினார்கள். பெண்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்கள். நான் மட்டும் என்ன கிழித்தேன்?

"எங்க வீட்டுக்காரர் வேலை பாக்குற வண்டில நான் காசு குடுத்து ஏறணுமா? ஊரே சிரிக்கும்டி" என்றேன்.

"உன் ஆளு தெனமும் வீட்டுக்கு வந்துர்றான், டோரா. அதான் ஊரு சிரிக்கிறது உனக்குப் பெருசாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

முதல் புதன்கிழமை அவள் டிக்கெட்டை நீட்டியபோது பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள் என்று வில்ஃப் சொன்னார். அப்புறம் கொஞ்சம் பேருக்குச் சுரணை வந்தது. அதிகபட்சம் பதினொன்று. அந்தத் தொண்ணூறு நாளில் நான் ஏழு தடவை ரயிலேறினேன். ஏழு தடவையும் பாஸ்.

ஜனவரியோடு ரயில் நின்றுபோகும் என்று உத்தரவு வந்தது. எல்மா அதுவரை காத்திருக்கவில்லை. கம்பெனி வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, ஐம்பத்தாறு வயதில் சானடோரியத்துச் சலவைக்கூடத்தில் நோயாளிகளின் துப்பட்டிகளைத் துவைக்கப் போனாள். மூன்று பெண்களோடு ஒரே அறையில் படுக்கை. ஆனால் தினம் மூன்று வேளையும் ரெய்னோவுக்கு அவள் கையால் சாப்பாடு.

கம்பெனிமேல் எனக்கு உள்ள ஆத்திரம் ஆறவே ஆறாது. தண்டவாளத்தையும் பெயர்த்து இரும்பு விலைக்கு விற்றார்கள். ஆனால் சிகாகோக்காரன் எல்மாவைப் பார்த்ததில்லை. நாங்கள் தினமும் பார்த்தோம்.

மே மாதம் ரெய்னோ செத்துப்போனான். பாதிரியார் காரில் இடம் கேட்டு ஹார்ட்விக் போனேன். அங்கேயே குழி வெட்டியிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மொத்தம் நாலு பேர். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகளோடு எல்மா பக்கத்தில் போய் நின்று வாயைத் திறந்தேன். சலவைச் சோடா அரித்துச் சிவந்திருந்த கையை அவள் தூக்கித் தடுத்தாள்.

"பேசாத. மண்ணு போட வந்திருந்தா போட்டுட்டுப் போ."

போட்டேன்.