டேஷ்போர்டு மூடியில் இருந்த படம்

ஆரணியில் பட்டுப்புடவைக் கடை வைத்திருப்பவன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் ஊர் சிரிக்கும். சிரித்தது. அதுவும் இரண்டே பேர் உட்காரக்கூடிய வண்டி. "ஏங்க, நாம ரெண்டு பேரும் உக்காந்துகினா பசங்கள எங்க வைப்பீங்க, டிக்கியிலயா?" என்று என் மனைவி கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வாங்க வேண்டும் என்று ஆரம்பிக்கவில்லை. மதியம் கடையில் கூட்டம் குறைந்ததும், பழைய கார்களை ஏலம் விடும் ஓர் இணையதளத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, என் மதிப்பை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்து, ஏலம் முடிந்ததும் ஒத்துப் பார்ப்பேன். கதவோரத்து இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவா, கண்ணாடி ரப்பரில் பெயிண்ட் பிசிறு இருக்கிறதா, போல்ட்டின் தலையில் ஸ்பேனர் பட்ட தழும்பு தெரிகிறதா என்று பார்ப்பேன். இருபது வருடமாகப் புடவையைப் பிரித்துப் பிரித்து அறுந்த இழை தேடிய கண்ணுக்கு இது பெரிய வேலையில்லை. என் மதிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

நான் கடைசியில் வாங்கிய சிவப்பு வண்டி கோவைப் பக்கத்து வியாபாரி ஒருவருடையது. சிவப்புக்கு அடியில் வேறு நிறம் இருப்பது படத்திலேயே தெரிந்தது. டேஷ்போர்டு பெட்டியின் சாவி தொலைந்துவிட்டது, திறக்க முடியவில்லை என்று வியாபாரி எழுதியிருந்தார். கீழே கருத்துப் பகுதியில் ஒரு பெண் கேட்டிருந்தார்: "இது எங்க அப்பா வித்த வண்டியா இருக்கலாம். கலர் மாறிடுச்சு, நம்பர் மாறிடுச்சு, பழைய பேப்பர் எதுவும் எங்ககிட்ட இல்ல. அந்தப் பெட்டி மூடியோட உள்பக்கம் நான் சின்ன வயசுல பேனாவால ஒரு கார் வரைஞ்சேன். அப்பா, அம்மா உள்ள. இடம் இல்லாததால நான் கூரை மேல. தயவுசெஞ்சு பூட்டைத் திறந்து ஒரு போட்டோ போடுங்க." வியாபாரி பதில் போடவில்லை.

நான் அதை நம்பவில்லை. எங்கள் கடையில் தங்கைக்குக் கல்யாணம் என்பார்கள், அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பார்கள், பாதி விலைக்குப் புடவையை வாங்கிக்கொண்டு சிரித்தபடி படியிறங்குவார்கள். மற்றவர்கள் மனமிரங்கி ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று இந்தப் பெண்ணும் கதை விடுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏலத்தின் கடைசியில் நானும் அந்தப் பெண்ணும் மட்டும் மிஞ்சினோம். அவர் ஏற்ற, நான் ஏற்ற, ஒரு கட்டத்தில் அவர் நின்றுவிட்டார். தன் வண்டிதானா என்று தெரியாமல் ஒரு மனுஷி எவ்வளவு தூரம்தான் போக முடியும்? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஜெயித்த குஷியில் கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னேன்.

வண்டி வந்த மறுநாள் சேவூரிலிருந்து மெக்கானிக் வந்தார். "பூட்டு துரு புடிச்சிகீது அண்ணே. ஜல்தியா தொறக்கணும்னா ஒடைக்கத்தான் வேணும்" என்றார். உடைத்தார். மூடி கீழே இறங்கியது. "யாரோ கொயந்த கிறுக்கி வச்சிகீது" என்று சொல்லிவிட்டு பானெட் பக்கம் போய்விட்டார்.

மூடியின் உள்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடித்த தகடு. அதில் நீலப் பேனாவால் ஒரு கார். உள்ளே இரண்டு பேர். கூரை மேல் ஒருத்தி.

அந்தப் பெண் சொன்னது அத்தனையும் நிஜம். ஒரு செய்தி அனுப்பினால் போதும். ஆனால் அனுப்பினால் அவர் வண்டியைக் கேட்பார், நானும் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். ஊரெல்லாம் சிரித்துக்கொண்டே பார்க்க வந்த வண்டி. அந்தப் படம் இருக்கும்வரை அது என் வண்டி இல்லை. மெக்கானிக் கிளம்பியதும், புடவையில் கறை எடுக்கக் கடையில் வைத்திருக்கும் பெட்ரோல் புட்டியையும் பஞ்சையும் எடுத்து வந்தேன். நான்கைந்து இழுப்பில் போய்விட்டது. என்ன துடைக்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். கறை என்றேன்.

இரண்டு மாதம் கழித்து இணையதளம் வழியாக அவரிடமிருந்து செய்தி வந்தது. "வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும் சார். பெட்டியைத் தொறந்தீங்களா? படம் இருந்தா ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க. அப்பாகிட்ட காட்டணும்."

வண்டியே வேண்டாமாம். போட்டோ மட்டும் போதுமாம். நான் "திறந்தேன், ஒன்றும் இல்லைங்க" என்று எழுதினேன். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. "அப்போ அது எங்க வண்டி இல்ல. தொந்தரவுக்கு மன்னிச்சிருங்க சார். வேற எங்கயாவது தேடிப் பார்க்கிறேன்."

தேடினார். அதே மாடலில் எந்த வண்டி ஏலத்துக்கு வந்தாலும் கீழே அவர் கேள்வி இருந்தது: பெட்டியைத் திறந்து ஒரு போட்டோ போடுங்க. ஒருவர் போட்டார், உள்ளே வெறும் தகடு. இன்னொருவர் அவரைக் கிண்டல் செய்து எழுதினார். அதைப் படித்த அன்று மனைவியையும் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கண்ணமங்கலம் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன், அந்த மூடி என் மனைவியின் முழங்காலுக்கு நேராக இருந்தது. பாதி வழியிலேயே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மாலையே அவருக்கு எழுதினேன். அது உங்கள் வண்டிதான், படம் இருந்தது, நான்தான் துடைத்தேன், உள்ளே இரண்டு பேர், கூரை மேல் நீங்கள், என்னை மன்னியுங்கள், வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், பணம் வேண்டாம்.

பதில் வர இரண்டு நாள் ஆனது. "படத்துல என்ன இருந்துச்சுன்னு நானே எல்லாருக்கும் தெரியிற மாதிரி எழுதியிருக்கேன் சார். நான் எழுதாத ஒண்ணும் அந்தப் படத்துல இருந்துச்சு. அது என்னன்னு சொல்லுங்க."

நான் கண்ணை மூடி யோசித்தேன். சூரியனா, மரமா, நாய்க்குட்டியா? அன்று அவ்வளவு பக்கத்தில் குனிந்து நின்று துடைத்திருக்கிறேன். கறையைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்திருக்கிறேன். ஞாபகம் இல்லை என்று எழுதினேன்.

"வண்டியை என்ன விலைக்கு என் தலையில கட்டப் பாக்கிறீங்க?" என்று கேட்டார். அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். அதன்பிறகு நான் அனுப்பியது எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.