முக்காட்டுக்காரி

எங்கள் அத்தைக்கு அருங்காட்சியகத்தின் பின்னறையில் வேலை. மண்ணிலிருந்து எடுத்த பழைய ரோமானிய வெள்ளிக் காசுகளைச் சுத்தம் செய்வார். காசின் ஒரு பக்கம் அரசன். மறுபக்கம் ஒரு பெண்தெய்வம். தராசு பிடித்தவள், கதிர் ஏந்தியவள், சுக்கான் பிடித்தவள் என்று பலர். அவற்றைப் பளபளப்பாக்கக் கூடாது. கண்ணிலும் மூக்கடியிலும் கொஞ்சம் கறுப்பை விட்டுவைக்க வேண்டும். அது போனால் முகம் செத்துவிடும். அதனால் ஒவ்வொரு காசையும் தொடுவதற்கு முன் மெழுகில் ஓர் அச்சு எடுத்துக்கொள்வார்.

"இவளுங்க மூக்கும் முழியும் எனக்கு அத்துப்படி. உங்க மாமா மூஞ்சிதான் அப்பப்ப மறந்துபோகுது" என்பார்.

அன்று வந்த காசில் இருந்தவள், முக்காட்டின் நுனியைக் கன்னத்தருகே பிடித்திருந்தாள். முகம் திறந்திருந்தது. மூங்கில் குச்சியால் கன்னத்துக் கறுப்பை மெல்லச் சுரண்டிய அத்தை, லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். முகம் இல்லை. அந்த இடத்தில் வழவழவென்று வெள்ளி மட்டும்.

பூதக்கண்ணாடி என்று எல்லோரும் கேலி செய்யும் அதிகாரி அதைப் பார்த்துவிட்டார்.

"என்னக்கா, பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சு வச்சிருக்கீங்க?"

"வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு மேடம்." பொய் தானாக வந்துவிட்டது.

"அப்போ அச்சுலயும் முகம் இருக்காதுல்ல? எடுத்துட்டு வாங்க. இருந்துச்சுன்னா இந்த வேலைய மறந்துடுங்க."

அத்தை அலமாரியைத் திறந்தார். அச்சில் முகம் தெளிவாக இருந்தது. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும், மெழுகு குழைந்துவிடும்.

அச்சில் குழிந்து பதிந்த முகம் நாம் நகரும் பக்கமெல்லாம் திரும்புவதுபோலத் தெரியும். எல்லா அச்சும் அப்படித்தான். அத்தைக்கு அது பழகிப்போன வேடிக்கை. ஆனால் இந்த முகம் அவர் அசையாமல் நின்றபோது திரும்பியது.

விரல் அழுத்த வரவில்லை.

"ஒரு தடவ அழிச்சதே போதும் தாயே" என்று முணுமுணுத்தார். வேலை போனால் போகட்டும் என்று கொண்டுபோய் நீட்டினார்.

அதிகாரி விளக்கடியில் வைத்துப் பார்த்தார். "ஆமாக்கா, இதுலயும் முகத்தக் காணோம். உங்கள வீணா மிரட்டிட்டேன்."

அத்தை எட்டிப் பார்த்தார். மெழுகில் முக்காடு மோவாய் வரை இறங்கியிருந்தது. கன்னத்தருகே இருந்த கை, இப்போது கழுத்தருகே இருந்தது.

அத்தைக்கு வேலை போகவில்லை. இப்போதெல்லாம் காசைத் தொடுவதற்கு முன், "தொடட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். சில காசுகளைச் சுத்தம் செய்யாமலே பெட்டிக்குள் திருப்பி வைத்துவிடுகிறார்.