டயகம தொழிற்சாலையும் நான் அளக்காத 2750-உம்

மலையகத்து டயகமவுக்கு என்னை யாரும் அனுப்பவில்லை. சென்ற மாதம் இரண்டாவது சனிக்கிழமை நானாகத்தான் கிளம்பிப் போனேன். அங்குள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் புதிய சூடுகாற்றுக் குழாய்கள் வரைந்து கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை காலை கொழும்புப் பட்டறையில் அதற்கான தகரத்தை வெட்டத் தொடங்குவார்கள். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடங்களாக நான் தட்டை வரைபடக்காரன். குழாய் என்றால் இரண்டு கோடு. உயரம் தெரியாவிட்டால் பக்கத்தில் 'உயரத்தைத் தளத்தில் சரிபார்க்கவும்' என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவேன். மிச்சம் பொருத்துகிறவர்களின் பாடு. இந்த வருடம் எங்கள் அலுவலகம் 'பிம்' முறைக்கு மாறியது. கட்டடத்தையும் அதற்குள் ஓடும் குழாய்களையும் கணினிக்குள்ளேயே முழு உருவ மாதிரியாகக் கட்டி எழுப்ப வேண்டும். இதில் குழாய் வைக்கும்போதே உயரம் வேண்டும். நாம் கொடுக்காவிட்டால் மென்பொருள் தானாக 2750 மில்லிமீற்றர் என்று போட்டுக்கொள்ளும். நான் கொடுக்கவில்லை. 'உயரங்களைச் சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் மட்டும் என் பெயரை எழுதினேன்.

மோதல் சோதனையில் பூச்சியம் வந்தது. எதுவும் எதிலும் இடிக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் பொறியியலாளர் ஷர்மிளா மிஸ் என்னைவிடப் பத்து வயது இளையவர். எல்லோர் முன்னாலும் பாராட்டினார். புதிய முறையில் என்னைச் சோதித்துப் பார்க்கும் மூன்று மாதம் அந்த வாரத்தோடு முடிகிறது. தேறாதவர்களுக்கு அலுவலகத்தில் வேறு வேலை இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். பாராட்டை வாங்கிக்கொண்டு சிரித்தேன்.

காலை 5.10-க்குக் கொழும்பில் ஹட்டன் பஸ். 540 ரூபா. கினிகத்தேனைக்குப் பிறகு வளைவுகள் அதிகம், வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையைப் பிடியுங்கள். ஊர் அழகை எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். நான் மடியில் கணினியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் பொறுக்க முடியாமல், "அத ஒண்ணு தொறந்து வைங்க, இல்லாட்டி மூடி வைங்க. பாக்க எனக்குத் தல சுத்துது" என்றார். மூடினேன்.

ஹட்டன் 9.55. ஒரு ரொட்டியும் சம்பலும், நின்றபடியே. 10.30-க்கு டயகம பஸ், 210 ரூபா. தலவாக்கலை, அக்கரப்பத்தனை வழியாக இரண்டே கால் மணிநேரம். டயகமவிலிருந்து தொழிற்சாலைக்கு நான்கு கிலோமீற்றர், ஆட்டோவுக்கு 600 ரூபா. மேடு ஏறும்போது ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, அவசரமா? நீங்க உள்ளுக்கு இருந்துகிட்டே வண்டியத் தள்ளுற மாரி இருக்கு" என்றார். முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

தொழிற்சாலையின் பிட்டர் மோகனை முன்பு போனில் மட்டும் பேசிப் பழக்கம். இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுவது அவர் வேலை. என் வயதுதான் இருக்கும், கையெல்லாம் கிரீஸ். கொழுந்து உருட்டும் அறையின் வாசலில் ஒரு பெட்டிமேல் கணினியை வைத்து மாதிரியைச் சுழற்றிக் காட்டினேன். நீல நிறக் குழாய் அறையின் குறுக்கே ஓடி, கொழுந்து வாட்டும் மேல்மாடிக்கு ஏறுகிறது. மோகன் நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்குங்க சார். ஷாப்ட் எங்க?"

"எந்த ஷாப்ட்?"

அவர் மேலே கையைக் காட்டினார். அறையின் நீளம் முழுக்க ஓர் இரும்புத் தண்டு சுழன்றுகொண்டிருந்தது. அதில் இடைக்கிடை பெரிய சக்கரங்கள், அவற்றிலிருந்து கீழே உருட்டும் இயந்திரங்களுக்குப் பட்டைகள். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். எனக்குக் கிடைத்த கட்டட வரைபடத்தில் சுவரும் தூணும் உத்தரமும்தான் இருந்தன. மாதிரிக்குள் இல்லாத தண்டோடு குழாய் எப்படி இடிக்கும்? அதனால்தான் பூச்சியம்.

"இப்ப இத யாரு பாவிக்கிறாங்க? கழட்டிரலாமே" என்றேன். குரலில் கெஞ்சல் இருந்திருக்க வேண்டும்.

"கழட்டலாங்க. ரெண்டு ரோலர் இன்னும் இதுலதான் ஓடுது. கழட்டுனா அன்னைக்கே பாதிக் கொழுந்து நின்னுரும். தோட்டத்துத் தொரைகிட்ட நீங்களே பேசுறீங்களா?"

அளவுநாடாவைப் பிடித்தோம். சக்கரத்தின் அடி தரையிலிருந்து 2600. என் குழாயின் நடு 2750, தடிப்பு 600. அதாவது 2450-இலிருந்து 3050 வரை. ஓடும் சக்கரத்துக்குள் நான் குழாய் வைத்திருக்கிறேன். மோகன் கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்து, "முந்தி வர்ற படத்துல 'இங்க வந்து பாரு'ன்னு எழுதியிருக்கும். நாங்க பாத்துப் போட்டுருவோம். இதுல நம்பர் போட்டிருக்கே சார், நாங்க நம்பிருவோமே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

வெளியே சிக்னல் கிடைக்கிற ஒரு மேட்டில் நின்று ஷர்மிளா மிஸ்ஸை அழைத்தேன். ஷாப்ட் வரைபடத்தில் இல்லை, பிழை அதைத் தந்தவர்களுடையது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பாதி உண்மையும்கூட. வாயில் வந்தது வேறு.

"மிஸ், அந்த உயரம் நான் அளந்ததில்ல. அது மென்பொருள் போட்ட நம்பர்."

"ரவி அண்ணா, அது ஒன்றுதானா?" என்றார்.

நின்ற இடத்திலேயே கணினியைத் திறந்து 2750 என்று தேடினேன். முப்பத்தொரு இடம் வந்தது. சொன்னேன். வேலை போனது என்றே நினைத்தேன்.

"பட்டறைக்கு வெட்ட வேண்டாமென்று நான் சொல்கிறேன். நீங்கள் முப்பத்தொன்றையும் அளந்துவிட்டு வாங்க. மற்றதைத் திங்கட்கிழமை பேசுவோம்."

அன்று தலவாக்கலையில் அறை எடுத்தேன், 3,500 ரூபா, சுடுதண்ணீர் உண்டு என்பார்கள், நம்பாதீர்கள். ஞாயிறு மதியம் இயந்திரங்கள் நின்றபின் மோகன் ஏணியைப் பிடிக்க, நான் ஏறி ஏறி இறங்கினேன். முப்பத்தொன்றில் ஒன்பது எதிலாவது இடித்தன. குறுக்கே ஓடிய குழாயைப் பின்சுவரோடு திருப்பினோம். பதினொரு மீற்றர் கூடுதல், இரண்டு வளைவு கூடுதல். ஷாப்ட் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதே வேலையாக மலைக்கு வருகிறவர்களுக்கு: சனிக்கிழமை வந்து இயந்திரம் ஓடுவதைப் பாருங்கள், ஞாயிறு அளந்துகொள்ளுங்கள். லேசர் கருவியோடு சாதாரண நாடாவும் எடுத்து வாருங்கள், தேயிலைத் தூசியில் என் லேசர் தடுமாறியது. டயகமவிலிருந்து திரும்பும் பஸ் நேரத்தை வந்திறங்கியவுடனேயே கேட்டு வையுங்கள். முக்கியமாக, மாதிரியைக் கொழும்பில் காட்டுவதற்கு முன் பிட்டருக்குக் காட்டுங்கள்.

திங்கட்கிழமை பேச்சு பத்து நிமிடம். வேலை போகவில்லை. சோதனைக் காலம் இன்னும் மூன்று மாதம் நீண்டது, 'உயரங்களைச் சரிபார்த்தவர்' கட்டத்தில் பெயர் எழுதும் உரிமை அதுவரை எனக்கு இல்லை. அவமானமாகத்தான் இருந்தது, இன்னும் இருக்கிறது.

இப்போது அளக்காத குழாய் எல்லாவற்றையும் சிவப்பாக்கி வைக்கிறேன். போன வாரம் வேறொரு கட்டடத்தின் மாதிரியைத் திரையில் போட்டபோது பாதிக்கு மேல் சிவப்பு. வாடிக்கையாளர் முகம் சுளித்து, என்ன இது என்று கேட்டார். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு இன்னும் தெரியாதது" என்றேன்.