யானை ஏன் வாயைத் திறந்திருக்கிறது

1. பதில் தட்டு

ஃபைபர் யானையின் வயிற்றைத் தட்டினால் உள்ளே இருந்து பதில் தட்டு வர வேண்டும். அன்று வரவில்லை. மூன்று முறை தட்டினேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பெரிய விலங்கு ஒரே துண்டாக வராது. களிமண்ணில் உருவம் செய்து, அதன்மேல் மோல்ட் எடுப்போம். மோல்டுக்குள் வேக்ஸ் தடவி, மேற்பூச்சாக ஜெல் கோட் அடித்து, கண்ணாடி இழைப் பாயை விரித்து, இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த ரெசின் பசையை பிரஷ்ஷால் ஊற வைப்போம். இறுகியதும் பிரித்தால் இடப்பாதி ஒன்று, வலப்பாதி ஒன்று கிடைக்கும். இரண்டையும் போல்ட் போட்டு நிறுத்தி, இணைப்பை உள்பக்கமிருந்து ஒட்ட வேண்டும். அதற்கு ஓர் ஆள் யானைக்குள் போக வேண்டும். வயிற்றில் ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு வாசல் விடுவோம். வேலை முடிந்ததும் அதை மூடி, பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

உள்ளே ரெசின் நெடி இருக்கும். கண் எரியும், தலை கிறுகிறுக்கும். அதனால் வாசலில் காற்றை உள்ளே தள்ள ஒரு புளோயர் ஓடும். வெளியே நிற்கும் ஆள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டுவார். உள்ளே இருப்பவர் திருப்பித் தட்டுவார். எங்கள் பட்டறையில் இது எழுதி வைக்காத சட்டம். அன்று வெளியே நின்ற ஆள் நான்.

2. நகக் கணக்கு

சங்கராபுரம் போகும் ரோட்டில் எங்கள் பட்டறை. முதலாளி சாதிக் பாய். முதலில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். பிறகு ஃபைபர் பாத்ரூம் கதவு செய்தார். ஒரு கல்யாண மண்டபக்காரர் வந்து, "கதவு செய்யற கை சிங்கம் செய்யாதா பாய்?" என்று கேட்கப்போய் விலங்குக்கு மாறினோம். முதல் சிங்கத்தைப் பார்த்த அதே மண்டபக்காரர், "இது கடிக்குமா, இல்ல பால் குடிக்குமா?" என்றார். ஆனாலும் வாசலில் வைத்துக்கொண்டார். இன்னும் இருக்கிறது.

நான் சொல்லும் யானை வெள்ளிமலைப் பக்கம் ஒரு சிறுவர் பூங்காவுக்கானது. மறுவாரம் திறப்பு விழா. தும்பிக்கையைத் தொங்கவிட்டு, வாய் மூடி நிற்கும் யானை. கீழ்த்தாடை மட்டும் தனித் துண்டு. அதை ஒட்டத்தான் அஞ்சலை உள்ளே போயிருந்தார். களமருதூர்க்காரர். நடவு வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. சிறிய உடம்பு. அவர் ஒட்டிய ஜாயின்ட்டில் காற்றுக் குமிழியைத் தேடினாலும் கிடைக்காது.

காலை பதினொரு மணிக்கு பூங்கா கான்ட்ராக்டர் வந்தார். யானையை ஒரு சுற்று சுற்றினார்.

"இன்னாங்க, பின்னங்கால்ல நகம் கம்மியா கீது?"

"முன்னால அஞ்சு, பின்னால நாலு. யானைக்கு அப்படித்தாங்க," என்றேன்.

"எல்லாக் காலுக்கும் அஞ்சுதான். கோயில் யானைய பாக்காதவனா நானு?"

"பாத்திருப்பீங்க. எண்ணியிருக்க மாட்டீங்க."

பாய் சிரித்துவிட்டார். கான்ட்ராக்டருக்குச் சுருக்கென்றது. "விழாவுக்கு வர்றவன் எவனாவது எண்ணிட்டா மானம் போறது என்துங்க. ஒங்குள்து இல்ல."

போனில் படம் தேட ஆரம்பித்தோம். முதல் படத்தில் பின்னங்கால் புல்லில் மறைந்திருந்தது. இரண்டாவதில் சேற்றில் புதைந்திருந்தது. அந்த நேரத்தில் கரண்ட் போய், புளோயர் நின்றது.

"அப்பாடா, இப்பத்தான் பேசறது கேக்குது," என்றார் கான்ட்ராக்டர். நானும் தலையாட்டினேன். இதை மறைக்க நான் விரும்பவில்லை.

நான்காவது படத்தில் நாலு நகம் தெளிவாகத் தெரிந்தது. ஜெயித்த சந்தோஷத்தோடு போனைப் பையில் போட்டேன். அதன்பிறகுதான் தட்டு ஞாபகம் வந்தது. கடைசியாகத் தட்டி இருபது நிமிடமாவது ஆகியிருக்கும்.

3. தாடை

வாசலில் தலையை நுழைத்தேன். நெடி கண்ணைக் கிழித்தது. டார்ச் கீழே விழுந்து எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் கழுத்துப் பக்கம் அஞ்சலையின் பாதங்கள் தெரிந்தன. அசையவில்லை. கூப்பிட்டேன். முனகல் மாதிரி ஒன்று கேட்டது. உள்ளே ஏறப் பார்த்தேன்; என் தோள் வாசலில் சிக்கிக்கொண்டது.

கான்ட்ராக்டர் மேசை மேலிருந்த பேட்டரி கிரைண்டரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "வயித்த அறுங்க!"

"வைங்க கீழ! நெடி நிக்குது. பொறி பட்டா குப்புனு புடிச்சிக்கும்!"

அவர் அதைப் பாம்பைப் போடுவது போலப் போட்டார்.

ஒரு மாதமாக அந்த யானைமேல் யாரையும் சாய விடாதவர் பாய். ரப்பர் சுத்தியலை எடுத்துக்கொண்டு தலைப்பக்கம் போனார். தாடையில் அஞ்சலை வைத்த ரெசின் இன்னும் இறுகவில்லை. இரண்டு போல்ட்தான் பிடித்திருந்தது. பாய் அடித்தார். நாலாவது அடியில் தாடை பெயர்ந்து தரையில் விழுந்தது.

வாய் வழியாகக் கையை விட்டேன். அவர் முகம் ஒரு முழத்துக்குள் இருந்தது. மூக்கில் கட்டியிருந்த துணியை இழுத்துவிட்டு, முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினேன். கான்ட்ராக்டர் ஒரு அட்டையை எடுத்து வயிற்று வாசலில் விசிற ஆரம்பித்தார். உள்ளே அடைந்திருந்த சூடான நெடி வாய் வழியாக என் முகத்தில் வந்து அடித்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. இருமல் சத்தம் கேட்டது. பிறகு பேச்சு.

"யாரு என் தாடையப் பேத்தது?"

அஞ்சலை மறுபடி இருமினார்.

"காத்தாலருந்து குனிஞ்சிக்கினு ஒட்டிக்கினு கீறேன். ஒங்களுக்கெல்லாம் அறிவு கீதா?"

பாய் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். "திட்டுமா. இன்னும் நல்லா திட்டு," என்றார்.

சிறிது நேரத்தில் அஞ்சலையே பின்பக்கமாக ஊர்ந்து வாசலுக்கு வந்தார். தாங்கி இறக்கினோம். கான்ட்ராக்டர் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டு தடவை வாந்தி எடுத்ததோடு சரி. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் செய்தி போனில் வந்த பிறகுதான் பட்டறையில் நாங்கள் மத்தியானச் சோற்றைப் பிரித்தோம். ஆறிப்போயிருந்தது. அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டதாக எனக்கு வேறு நாள் நினைவில்லை.

4. திறந்த வாய்

நாலு நாள் கழித்து அஞ்சலை வேலைக்கு வந்தார். தாடையைத் திரும்ப ஒட்ட வேண்டுமா என்று கான்ட்ராக்டரிடம் கேட்டோம்.

"தெறந்தே இருக்கட்டுங்க. உள்ள ரோஸ் கலர் அடிச்சிடுங்க."

"நகம்?"

"நகத்த வுடுங்க."

கீழ்த்தாடையைக் கொஞ்சம் இறக்கி, வெளிப்பக்கமிருந்தே ஒட்டினோம். மீதி இணைப்பை ஒட்ட, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, புது மாஸ்க்கோடு அஞ்சலையே உள்ளே போனார். யாரும் போகச் சொல்லவில்லை. வெளியே வந்ததும், "ண்ணா, வூட்டுக்கு ஜன்னல் வெச்ச மாதிரி கீது," என்றார். முன்பு புளோயர் உள்ளே தள்ளிய காற்றுக்கு வெளியேற வழியே இல்லை. இத்தனை வருடம் அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் எந்தப் பெரிய விலங்குக்கும் இரண்டு வழி உண்டு. யானைக்கு வாய். காளை வாயைத் திறந்தால் நன்றாக இருக்காது, அதற்கு வால் அடியில் விட்டுக் கடைசியில் மூடுகிறோம். புளோயருக்கு இன்வர்ட்டர் வந்துவிட்டது. துணிக்குப் பதில் கரி வடிகட்டி மாஸ்க். தட்டுகிற ஆளுக்கு அன்று வேறு வேலை கிடையாது. கஸ்டமர் வந்தாலும் அந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்காகப் போட்டது.

சென்ற மாதம் வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். யானையின் வாயில் பிள்ளைகள் இலையும் வேர்க்கடலைத் தோலும் திணித்து வைத்திருந்தார்கள். எடுத்துப் போட்டேன். ஓர் அப்பா தன் பெண்ணிடம், "பசிக்குது பாரு, அதான் வாயத் தெறந்துக்கினு நிக்குது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

போகும்போது பழக்கத்தில் வயிற்றைத் தட்டினேன். தட்டிவிட்டுக் காத்திருந்தேன். பதில் வரவில்லை. உள்ளே யாரும் இல்லை. பஸ் பிடிக்க நடந்தேன்.