அத்தை தேடிய அரிசியும் ஏழு மணிச் செய்தியும்

ரோஸ் பவுடர் வாசனையும் யூரியா வாடையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். திண்டிவனத்தில் உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த லோக்கல் கேபிள் சேனலில், தினமும் மாலை ஏழு மணிச் செய்தி வாசித்தவள் நான்.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். சுவரில் ஒரு நீலத் துணி, ஒரு மேசை, ஒரு ஃபேன். மைக்கில் சத்தம் விழும் என்று அந்த ஃபேனையும் ஓனர் பாலு அண்ணன் நிறுத்திவிடுவார். வியர்வை வழிய வழிய "வணக்கம்" சொல்வேன்...

ஆனால் என்ன மவுசு! விழுப்புரம் பஸ்ஸில் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். மீன்கார அக்கா, "நேத்து அந்தப் பச்சைப் பொடவை உனக்கு எடுப்பா இருந்துச்சும்மா" என்பார். செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அது வேறு விஷயம்.

ஒரு தெருவில் கரண்ட் போனால் ஆபீசுக்கு போன் வரும். "நாங்க பாக்கலீங்க, இன்னொரு வாட்டி போடுங்க." பாலு அண்ணனும் முகம் கோணாமல் போடுவார்.

பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது. எங்களுக்கு விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்த விழுப்புரம் ஜவுளிக்கடைக்காரர் ஒருநாள் பாலு அண்ணனிடம் கேட்டுவிட்டார்: "உங்க கேபிளை எத்தினி பேரு பாக்குறாங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நெட்டுல போட்டா நம்பர் தெரியுது. அங்க போடுங்க, அப்புறம் பாக்கலாம்."

பாலு அண்ணன் தொங்கிப்போன முகத்தோடு திரும்பி வந்தார்.

"லைவ் போட்டுப் பாப்போம்மா. ஆளு வரலன்னா இந்த மாசத்தோட நியூஸை நிறுத்திக்கினு, பாட்டு போட்டுட்டுப் போவ வேண்டியதுதான்."

அந்த நாற்காலி எனக்கு உயிர். வீட்டில் யாரும் என் பேச்சைக் கேட்காவிட்டாலும் அங்கே உட்கார்ந்தால் ஊர் கேட்டது.

முதல் லைவ் நாள். கேமராவுக்குப் பதிலாக ஸ்டாண்டில் ஒரு செல்போன். வாசிக்கத் தொடங்கினால், கண்ணுக்கு எதிரிலேயே கமென்ட் ஓடுகிறது! ஊர் திருப்பிப் பேசும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே...

"சவுண்டு வரல."

"வருதே."

"உனக்கு வந்தா எனக்கு வருமா?"

"எங்க தெருவுல குப்பை அள்ளி எத்தினி நாளாச்சு, அதைச் சொல்லும்மா மொதல்ல."

நான் அசரவில்லை. "கிளியனூர் சாலையில் நடைபெற்றுவரும் பணிகள்..." என்று தொடர்ந்தேன். அப்போது என் கணவர் பெயரில் ஒரு கமென்ட் வந்தது. அவர் பாண்டிச்சேரியில் வேலையில் இருந்தார். அவருடைய பழைய போன் மட்டும்தான் வீட்டில் இருந்தது. எழுதியது யார் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் மாமியார்.

"ஏம்மா, இட்லிக்கு ஊற வெச்ச அரிசிய எங்க வெச்சுக்கீற?"

கண்டுகொள்ளாமல் வாசித்தேன். மறுபடி வந்தது.

"கேக்குறேன் இல்ல? கரண்டு போயிடும். கிரைண்டர் போடணும், ஜல்தி சொல்லு."

பதறிவிட்டேன். பதறினாலும் வாயில் செய்தித் தமிழ் தவிர வேறெதுவும் வரவில்லை.

"...பணிகள் விரைவில் நிறைவடையும் என்று தெரிவிக்கப்பட்டுள்ளது. ஊற வைக்கப்பட்ட அரிசி, அடுப்பு மேடைக்குக் கீழ் நீல நிற டப்பாவில் பாதுகாப்பாக உள்ளது. அடுத்து, விளையாட்டுச் செய்திகள்."

கிளியனூர் சாலையை அம்போ என்று விட்டுவிட்டு ஊரே அரிசிக்குத் தாவியது. வானூரிலிருந்து ஒருவர், "வெந்தயம் போட்டீங்களா?" என்றார். காணையிலிருந்து ஒரு அம்மா, "உளுந்து தனியாத்தான ஊறுது?" என்று கவலைப்பட்டார். இன்னொரு மகராசன், "மேலும் விவரங்களுக்குக் காத்திருக்கிறோம்" என்று போட்டார்.

அந்த வீடியோ பரவிய வேகத்தில் ஜவுளிக்கடைக்காரர் தாமாகவே போன் செய்தார். பாலு அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

"நியூஸை நிறுத்த வாணாம்மா. ஆனா அத்தை தெனமும் ஒரு கேள்வி கேட்டே ஆவணும்."

அத்தை கேட்டார். பிறகு நேரிலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் அவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினோம். கொஞ்ச நாளில் எனக்குத்தான் ஐந்து நிமிடம் மிஞ்சியது. அப்புறம் அதுவும் போனது.

இப்போது எங்கள் வீட்டு அடுப்படிதான் சேனல். அத்தை கேப்பைக் கூழ் காய்ச்சுகிறார், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையில் சட்னி அரைக்கிறார், ஊரில் உள்ள மருமகள்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறார். ஜவுளிக்கடைக்காரர் விளம்பரத்துக்குக் கொடுக்கும் புடவையும் அவருக்குத்தான். செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். சில நாள் அழுகையும் வந்திருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒருநாள். கூழ் கொதித்துக்கொண்டிருக்கும்போது கமென்ட் கொட்டத் தொடங்கியது.

"அத்தை, நம்ம ஏரி உடைஞ்சிடுச்சாமே?"

"எங்க குரூப்புல வீடியோ வந்துக்கீது, தண்ணி பாஞ்சிக்கினு போவுது."

"புள்ளைங்கள தூக்கிக்கினு கெளம்பட்டுமா?"

அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏரியப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? பேஜாராப் பூடும். ஏம்மா, நீ விசாரிச்சிக்கினு வந்து சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

பழைய பழக்கம் கைகொடுத்தது. ஏரிக்கரையில் டீக்கடை வைத்திருப்பவருக்கு ஒரு போன், தாலுகா ஆபீசுக்கு ஒரு போன். தலைவாரக்கூட நேரமில்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயே, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"வணக்கம். நம் ஏரிக்கரை உறுதியாக உள்ளது. இப்போது பரவும் வீடியோ நம் ஊரில் எடுத்தது அல்ல. யாரும் வீட்டைவிட்டு வெளியேறத் தேவையில்லை."

கமென்ட் நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. சற்று நேரத்தில் பாலு அண்ணன் போன் செய்தார்.

"நல்லாத்தாம்மா சொன்ன. ஆனா வியூ வுழுந்துடுச்சே..."

"விஷயம் தெரிஞ்சதும் போனை வெச்சிட்டு அவங்கவங்க வேலையப் பாக்கப் போய்ட்டாங்கண்ணே" என்றேன்.

கேபிள் காலத்திலும் செய்தி முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடத்தான் போனார்கள். அதை அப்போது யாரும் நஷ்டமாக எண்ணியதில்லை...